பரண்ல கிடைச்ச பழைய துப்பாக்கி கோடி ரூபாய்க்குப் போகுமா? - ஆன்டிக் ரைஃபிள் மார்க்கெட்டும் அதன் எதிர்காலமும்

ராத்திரி 11 மணி. நண்பன்கிட்ட இருந்து வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ. பழைய போர்வை மேல, முழங்கை நீளத்தைவிட ரெண்டு மடங்கு நீளமான ஒரு துப்பாக்கி. குழல் முழுக்கத் துரு. கட்டையில் ஒரு விரிசல். கூடவே ஒரு வாய்ஸ் நோட்.

"மச்சான், ஊர்ல தாத்தா வீட்டு ஓட்டைப் பிரிச்சு வேலை பார்க்குறோம். பரண்ல இது கிடந்துச்சு. நெட்ல பார்த்தா வெளிநாட்டுல இந்த மாதிரி துப்பாக்கியெல்லாம் கோடிக்கணக்குல ஏலம் போகுதாம். வித்துடலாமா?"

அவன் சொன்னதில் பாதி உண்மை. பழைய துப்பாக்கிகள் கோடிக்கணக்கில் ஏலம் போவது நிஜம். ஆனால் எந்தத் துப்பாக்கி, எந்த நாட்டில், யார் கையில் இருந்தது என்பதைப் பொறுத்து அதே பொருள் கோடிக்கும் போகும்; இரும்புக்கடை விலைக்கும் போகும்; நம்ம ஊரில் என்றால் ஜெயிலுக்கும் கூட்டிப்போகும். நண்பனுக்குப் பதில் சொல்வதற்காகப் படிக்க ஆரம்பித்ததுதான் இந்தக் கட்டுரை. பப்ஜியில் Kar98k-ஐத் தேடி ஓடிய தலைமுறை நாம். நிஜ உலகில் அந்த மாதிரித் துப்பாக்கிகளுக்கு என்ன மதிப்பு என்று தெரிந்துவைத்துக்கொள்வதில் தப்பில்லையே!

மரத்தில் சாய்ந்திருந்த ரைஃபிள்

2014 நவம்பர். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் இருக்கும் கிரேட் பேஸின் தேசியப் பூங்காவில், தொல்லியல் பணியாளர்கள் நடந்துபோய்க்கொண்டிருந்தார்கள். ஒரு ஜூனிப்பர் மரத்தில் சாய்த்துவைத்தபடி ஒரு ரைஃபிள். வெயிலிலும் பனியிலும் கிடந்து, அதன் கட்டை மரத்தோடு மரமாக வெளுத்துப்போயிருந்தது. அடிப்பகுதி மண்ணில் புதைந்திருந்தது. யாரோ ஒருவர் "இதோ வந்துடறேன்" என்று சாய்த்துவைத்துவிட்டுப் போய், திரும்பி வரவே இல்லை.

அது வின்செஸ்டர் 1873 மாடல். 'மேற்கை வென்ற துப்பாக்கி' என்று அமெரிக்கர்கள் கொண்டாடுவது இதைத்தான். வரிசை எண்ணை வைத்துப் பார்த்ததில், 1882-ல் தயாரானது என்று தெரிந்தது. அன்றைக்கு அதன் விலை சுமார் 25 டாலர். யாருக்கு விற்கப்பட்டது என்ற விவரம் மட்டும் கிடைக்கவே இல்லை. பூங்காவின் ஃபேஸ்புக் பக்கத்தில் படம் வெளியானதும் உலகம் முழுக்க வைரல்.

அடுத்து நடந்ததுதான் நமக்குப் பாடம். அதை யாரும் மண்ணெண்ணெய் ஊற்றித் துடைக்கவில்லை. வயோமிங் மாநிலம் கோடி நகரில் இருக்கும் துப்பாக்கி அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார்கள். உள்ளே தோட்டா இருக்கிறதா என்று பார்க்க எக்ஸ்ரே எடுத்தார்கள். கட்டைக்குள் இருந்த சின்ன அறையில் ஒரு தோட்டா நிஜமாகவே இருந்தது. அதை எடுத்துவிட்டு, மரம் மேலும் உதிராமல் இருக்க மட்டும் பக்குவம் செய்து, வெளுத்த தோற்றத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். ஏனென்றால் அந்தத் துப்பாக்கியின் மதிப்பே அந்த வெளுத்த கட்டையில்தான் இருக்கிறது. பளபளப்பாக்கியிருந்தால் அது 7,20,000 துப்பாக்கிகளில் ஒன்றாகிப்போயிருக்கும்.

ஆமாம், வின்செஸ்டர் 1873 மொத்தம் 7,20,000-க்கும் மேல் தயாரானது. 1882-ல் மட்டும் 25,000-க்கும் மேல். 'பழசு' என்பதும் 'அபூர்வம்' என்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

முதல்ல, எதை ரைஃபிள்னு சொல்றோம்? எதை ஆன்டிக்னு சொல்றோம்?

நீளமாக இருக்கும் எல்லாத் துப்பாக்கியும் ரைஃபிள் இல்லை. குழலின் உட்பக்கம் சுருள் சுருளாகப் பள்ளம் வெட்டியிருந்தால்தான் அது ரைஃபிள். அந்தச் சுருள், குண்டைப் பம்பரம் மாதிரி சுழலவைக்கும்; சுழலும் குண்டு நேராகப் போகும். உட்பக்கம் வழவழவென்று இருந்தால் அது மஸ்கட். கிழக்கிந்திய கம்பெனி சிப்பாய்கள் நீண்ட காலம் தோளில் சுமந்தது மஸ்கட்டுகளைத்தான். 1857 கிளர்ச்சிக்குத் தீப்பொறியான, கொழுப்பு தடவிய தோட்டா பிரச்னை வந்தது, புதிதாகக் கொண்டுவரப்பட்ட என்ஃபீல்டு ரைஃபிளால்.

'ஆன்டிக்' என்பதற்கு ஒவ்வொரு நாட்டிலும் ஒரு கணக்கு. அமெரிக்காவின் 1968 துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, 1898 அல்லது அதற்கு முன்பு தயாரானது ஆன்டிக். மத்திய அரசின் சட்டம் அதைச் சாதாரணத் துப்பாக்கியாகவே கருதுவதில்லை. மாநிலச் சட்டங்கள் தனி. 50 வருடம் தாண்டிய துப்பாக்கிகளுக்கு 'க்யூரியோ' என்று இன்னொரு வகை. அதைச் சேகரிப்பவர்களுக்கென்றே தனி உரிமம் உண்டு.

பிரிட்டனில் தயாரான ஆண்டோடு சேர்த்துத் தோட்டாவையும் பார்ப்பார்கள். அந்தத் துப்பாக்கிக்கான தோட்டா இப்போது வழக்கொழிந்துவிட்டதா என்பது முக்கியம். 2021-ல் அங்கே விதிகளை இறுக்கினார்கள். 1939 செப்டம்பர் 1-க்கு முன் தயாராகியிருக்க வேண்டும் என்று தேதி குறித்தார்கள். குற்றங்களில் அடிக்கடி சிக்கிய ஏழு வகைத் தோட்டாக்களை 'வழக்கொழிந்தவை' பட்டியலிலிருந்து நீக்கினார்கள். அவை பெரும்பாலும் கைத்துப்பாக்கித் தோட்டாக்கள். நேற்று வரை அலமாரியில் அலங்காரமாக இருந்த பொருளுக்கு, இன்றைக்கு லைசென்ஸ் வேண்டும் என்றாகிவிட்டது. இந்த மார்க்கெட்டில் ஒரு அரசாணை, விலையை ஒரே நாளில் மாற்றிவிடும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

விலையை முடிவுபண்றது எது?

அமெரிக்க ஏலக்கூடங்களின் கேட்டலாக்குகளைப் புரட்டினால், திரும்பத் திரும்ப ஐந்து விஷயங்கள்தான் வரும்.

1. எத்தனை மிச்சம் இருக்கு?

1875-ல் வின்செஸ்டர் ஒரு வியாபாரத் தந்திரம் செய்தது. சோதனையில் மிகத் துல்லியமாகச் சுட்ட குழல்களைத் தனியே எடுத்து, 'ஆயிரத்தில் ஒன்று' என்று பெயர் பொறித்து 100 டாலருக்கு விற்றது. 1873 மாடலில் அப்படி வந்தவை சுமார் 130 மட்டுமே. 1950-ல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் நடித்த 'வின்செஸ்டர் 73' படத்தின் கதையே இந்தத் துப்பாக்கியைச் சுற்றித்தான். படத்தின் விளம்பரத்துக்காக, "உங்கள் வீட்டில் இது இருக்கிறதா?" என்று ஸ்டூடியோ தேடுதல் வேட்டை நடத்த, மறந்துபோயிருந்த பல துப்பாக்கிகள் வெளியே வந்தன. ஒரு சினிமா ஒரு கலெக்‌ஷன் மார்க்கெட்டையே தூக்கிவிட்ட கதை இது. இன்றைக்கு நல்ல நிலையில் இருக்கும் 'ஆயிரத்தில் ஒன்று' லட்சக்கணக்கான டாலருக்குப் போகும். அதே 1873 மாடலில் தேய்ந்துபோன சாதாரணத் துப்பாக்கி சில ஆயிரம் டாலரைத் தாண்டாது.

2. ஒரிஜினலா?

குழல், விசை, கட்டை, திருகு எல்லாம் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்க வேண்டும். ஆன்டிக் துப்பாக்கிகளுக்கு அமெரிக்க தேசிய ரைஃபிள் சங்கம் வகுத்த தரவரிசை ஒன்று உண்டு. அதன்படி, உலோகத்தின் மேல் இருந்த ஆரம்பகால மெருகு 80 சதவிகிதத்துக்கும் மேல் மிச்சமிருந்தால் 'எக்ஸலன்ட்'. 30 சதவிகிதத்துக்கும் மேல் இருந்தால் 'ஃபைன்'. அதற்குக் கீழே போகப் போக விலையும் படி இறங்கும். அதனால்தான் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது மகா பாவம். அம்மா பித்தளைக் குத்துவிளக்குக்குப் போடும் புளி வைத்தியம் இங்கே வேலைக்காகாது. நீங்கள் தேய்த்து எடுப்பது அழுக்கை அல்ல, பணத்தை!

3. யார் கையில் இருந்தது?

வின்செஸ்டர் 1886 மாடலின் வரிசை எண் 1 கொண்ட ரைஃபிள், கேப்டன் ஹென்றி லாட்டனுக்குப் பரிசாகத் தரப்பட்டது. அப்பாச்சே தலைவர் ஜெரோனிமோவைப் பிடிக்க 1886-ல் துரத்திச் சென்ற படையை நடத்தியவர் அவர். 2016-ல் ராக் ஐலண்ட் ஏல நிறுவனத்தில் அது 12,65,000 டாலருக்குப் போனது. அன்றைய மதிப்பில் 8 கோடி ரூபாய்க்கும் மேல்.

ரைஃபிள் இல்லை என்றாலும் இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். பில்லி த கிட் என்ற பிரபலக் கொள்ளையனை ஷெரிஃப் பாட் காரெட் சுட்டுக்கொன்ற கோல்ட் ரிவால்வர், 2021-ல் போனம்ஸ் ஏலத்தில் 60 லட்சம் டாலரைத் தாண்டியது. ஏலக்கூடம் எதிர்பார்த்தது 20 முதல் 30 லட்சம்தான். இரும்புக்கு இவ்வளவு விலை கிடையாது, கதைக்குத்தான் விலை.

4. கதைக்கு ஆதாரம் இருக்கா?

"இது எங்க கொள்ளுத்தாத்தாவுக்கு வெள்ளைக்கார துரை கொடுத்தது" என்று வாயால் சொன்னால் மார்க்கெட்டில் எடுபடாது. கடிதம், பில், ராணுவப் பதிவேடு, பழைய போட்டோ என்று ஏதாவது வேண்டும். கோடி அருங்காட்சியகத்தில் வின்செஸ்டரின் பழைய தொழிற்சாலைப் பதிவேடுகள் இருக்கின்றன. கட்டணம் கட்டி வரிசை எண்ணைக் கொடுத்தால், பதிவு இருக்கும் மாடல்களுக்கு, எப்போது எந்த வடிவில் கிடங்கைவிட்டுப் போனது என்று கடிதம் தருவார்கள். நம்ம ஊரில் நிலம் வாங்கும்போது வில்லங்கச் சான்று பார்ப்போமே, கிட்டத்தட்ட அதே மாதிரி.

5. எந்தக் காலத்துத் தயாரிப்பு?

பப்ஜியின் மிராமர் மேப்பில் கிடைக்கும் வின்94 நினைவிருக்கா? அது நிஜத்தில் ஜான் பிரவுனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 1894. 70 லட்சத்துக்கும் மேல் தயாரான மாடல். 1964-ல் செலவைக் குறைக்க, கம்பெனி தயாரிப்பு முறையை மாற்றியது. வாடிக்கையாளர்கள் அதை மன்னிக்கவே இல்லை. இன்றுவரை '64-க்கு முந்தையது' என்ற ஒரு வார்த்தை சேர்ந்தாலே விலை கூடுகிறது. பெயரும் உருவமும் ஒன்றுதான். ஆண்டு மட்டும் வேறு.

4,000 டாலருக்கு வாங்கிய தலைவலி

இந்த மார்க்கெட்டில் இருக்கும் பெரிய ரிஸ்க்குகள் மூன்று. முதலாவது போலி. சாதாரணத் துப்பாக்கியில் 'ஆயிரத்தில் ஒன்று' என்று பொறித்துவிட்டால் விலை பல மடங்கு ஏறும் என்றால், பொறிப்பவன் பொறிக்காமல் இருப்பானா? பழைய உதிரி பாகங்களைச் சேர்த்துப் புதுக் கதை கட்டுபவர்களும் இருக்கிறார்கள்.

இரண்டாவது, திருட்டுப் பொருள். பென்சில்வேனியாவில் ஜான் கிறிஸ்டியன் ஓர்ட்டர் என்ற கைவினைஞர் 1775-ல் செய்த ஒரு ரைஃபிள், 1971 அக்டோபரில் வேலி ஃபோர்ஜ் பூங்காவின் கண்காட்சியிலிருந்து காணாமல் போனது. கிட்டத்தட்ட 47 வருடம் யாருக்கும் தெரியாது. 2018-ல் ஒரு பழம்பொருள் வியாபாரி, வயதான ஒருவரின் கொட்டகையிலிருந்து அதை சுமார் 4,000 டாலருக்கு வாங்கினார். நகல் என்று நினைத்துத்தான் வாங்கினார். வீட்டுக்குப் போய் நிதானமாகப் பார்த்த பிறகுதான், இது அந்தத் தொலைந்துபோன ஒரிஜினல் என்று தெரிந்தது. அதன் மதிப்பு 1,75,000 டாலருக்கும் மேல் இருக்கும் என்றார்கள். ஆனால் வியாபாரிக்கு அதில் ஒரு காசு லாபமில்லை. அது அதிகாரிகள் கைக்குப் போனது. இப்போது பிலடெல்பியாவின் அமெரிக்கப் புரட்சி அருங்காட்சியகத்தில் நடந்த ஒப்படைப்போடு கதை முடிந்தது. விற்ற முதியவர், பல அருங்காட்சியகங்களில் கைவைத்தவர் என்று தெரியவந்து, கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

மூன்றாவது ரிஸ்க், கணக்கு. இதைத்தான் யூடியூப் வீடியோக்களில் பெரும்பாலும் சொல்வதில்லை. ஏலத்தில் நீங்கள் சொன்ன விலைக்கு மேல், வாங்குபவர் கமிஷன் என்று தனியாகக் கட்ட வேண்டும். விற்கும்போது விற்பவர் கமிஷன். ஒரு உதாரணத்துக்கு முதலாவது 20 சதவிகிதம், இரண்டாவது 10 சதவிகிதம் என்று வைத்துக்கொள்வோம். 100 ரூபாய்க்கு ஏலம் எடுத்தால் கையிலிருந்து போவது 120. அதைத் திரும்பப் பெற வேண்டுமானால், அடுத்த ஏலத்தில் அது 133 ரூபாய்க்குப் போக வேண்டும். அதாவது விலை மூன்றில் ஒரு பங்கு ஏறினால்தான் போட்ட காசு வரும். இன்ஷூரன்ஸ், பாதுகாப்புப் பெட்டகம், அமெரிக்காவில் சேகரிப்புப் பொருட்களின் லாபத்துக்கு 28 சதவிகிதம் வரை வரி எல்லாம் தனி. அவசரத்துக்குத் தங்கம் மாதிரி அடகு வைக்கவும் முடியாது. சரியான ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

திப்பு சுல்தானின் துப்பாக்கிகள்

நம்ம பக்கத்துக்கு வருவோம். உலக ஏலச் சந்தையில் இந்தியப் பழந்துப்பாக்கி என்றதும் முதலில் வரும் பெயர் திப்பு சுல்தான். 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது அள்ளிக்கொண்டு போனவை, இன்றுவரை பிரிட்டிஷ் வீடுகளிலிருந்து வெளியே வந்துகொண்டே இருக்கின்றன. சரியாகச் சொன்னால், இவை ரைஃபிள்கள் இல்லை. சிக்கிமுக்கிக் கல்லால் தீப்பொறி எழுப்பும் ஃபிளின்ட்லாக் வகைத் துப்பாக்கிகள்.

2015 ஏப்ரலில் லண்டன் போனம்ஸ் ஏலத்தில், திப்புவின் இரண்டு முறை சுடும் வேட்டைத் துப்பாக்கி ஒன்று 7,22,500 பவுண்டுக்குப் போனது. 2019 மார்ச்சில், கம்பெனி ராணுவ மேஜர் ஒருவரின் வம்சாவளியினர் வீட்டிலிருந்து வந்த, வெள்ளி வேலைப்பாடு கொண்ட துப்பாக்கி 60,000 பவுண்டு. ஏலத்தை நிறுத்தச் சொல்லி இந்தியத் தரப்பிலிருந்து எழுந்த கோரிக்கைகள் எடுபடவில்லை. 2023-ல் இன்னும் சுவாரஸ்யமான திருப்பம். 20 லட்சம் பவுண்டு மதிப்புள்ள திப்புவின் வேட்டைத் துப்பாக்கி ஒன்று பிரிட்டனைவிட்டு வெளியே போகக் கூடாது என்று அந்த நாட்டு அரசே தற்காலிகத் தடை போட்டது. அங்குள்ள யாராவது வாங்கி அங்கேயே வைத்துக்கொள்ளட்டும் என்பதற்காக. நம்மிடமிருந்து போன பொருள், அவர்களுடைய தேசியப் பெருமையாகிவிட்டது!

திப்புவின் துப்பாக்கிகளை நிபுணர்கள் எப்படி அடையாளம் காண்கிறார்கள் தெரியுமா? புலிக்கோடுகள், புலி உருவங்கள். அதோடு, திப்பு உருவாக்கிய 'மௌலூதி' நாட்காட்டியின் ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கும்; அந்த எண்களை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். இது தெரியாமல் போலி செய்பவன் இந்த ஒரு இடத்திலேயே மாட்டிக்கொள்வான்.

எதிர்காலம் எப்படி?

இங்கே இரண்டு எதிரெதிர் காற்றுகள் அடிக்கின்றன.

ஒரு பக்கம், அமெரிக்காவில் இந்த ஹாபியை வளர்த்த தலைமுறைக்கு வயதாகிவிட்டது. டிவியில் கௌபாய் தொடர்கள் பார்த்து வளர்ந்து, கையில் காசு வந்ததும் வின்செஸ்டர் வாங்கியவர்கள். அவர்கள் 40 வருடம் சேர்த்த பொருட்கள் இப்போது மொத்தமாக ஏலத்துக்கு வருகின்றன. பேரன் பேத்திகளுக்கு அதை வைக்க வீட்டில் இடமில்லை. சில பேருக்கு மனசுமில்லை. சாதாரண, நடுத்தரத் துப்பாக்கிகளுக்கு இது நல்ல செய்தி இல்லை.

மறுபக்கம், புது ஆட்கள் வேறு வாசல் வழியாக வருகிறார்கள். கேம்ஸ், வரலாற்று யூடியூப் சேனல்கள், சினிமா. 'ஃபர்காட்டன் வெப்பன்ஸ்' சேனலில் இயான் மெக்காலம் ஒரு பழைய துப்பாக்கியைப் பிரித்துக்காட்டினால், அந்த மாடலின் பெயர்கூடக் கேள்விப்படாதவர்கள் தேட ஆரம்பிக்கிறார்கள். இவர்களுக்குக் கௌபாய் துப்பாக்கியைவிட உலகப்போர்த் துப்பாக்கிகள் மேல்தான் காதல். ரஷ்யாவின் மோசின் நாகன்ட் ரைஃபிள், 2000-களில் அமெரிக்காவில் 100 டாலருக்கும் கீழே குவிந்து கிடந்தது. கோடிக்கணக்கில் தயாரான துப்பாக்கி அது. வரத்து நின்றதும் இப்போது பல மடங்கு விலை. நேற்றைய உபரி, இன்றைய சேகரிப்பு.

வரத்து என்றதும் நேபாளக் கதையையும் கேளுங்கள். காத்மாண்டு அரண்மனைக் கிடங்கு ஒன்றில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் தூங்கிக்கொண்டிருந்த பல்லாயிரக்கணக்கான பிரிட்டிஷ் காலத் துப்பாக்கிகளை, 2003 வாக்கில் அமெரிக்க வியாபாரிகள் மொத்தமாக வாங்கிக் கப்பலேற்றினார்கள். அதுவரை அபூர்வமாக இருந்த மார்ட்டினி ஹென்றி ரைஃபிள், திடீரென்று ஆன்லைனில் ஆர்டர் போடும் பொருளாகிவிட்டது. அபூர்வம் என்று நம்பி அதற்கு முன் பெரிய விலை கொடுத்தவர்களின் நிலையை யோசித்துப்பாருங்கள்.

இன்னொரு விஷயம், சட்டம். துப்பாக்கிச் சட்டம் மட்டுமல்ல. யானைத் தந்தச் சட்டமும்கூட. பழைய துப்பாக்கிகள் பலவற்றின் கட்டையில் தந்த வேலைப்பாடு இருக்கும். பிரிட்டனில் 2022 ஜூனில் அமலுக்கு வந்த தந்தச் சட்டப்படி, 1947-க்கு முந்தைய, 10 சதவிகிதத்துக்கும் குறைவாகத் தந்தம் உள்ள பொருளைக்கூடப் பதிவு செய்த பிறகே விற்க முடியும்.

ஆக, மார்க்கெட் இரண்டாகப் பிரிகிறது. ஆதாரத்தோடு கூடிய அபூர்வப் பொருட்களின் விலை உச்சத்துக்குப் போகிறது. கதையோ ஆதாரமோ இல்லாத சாதாரணப் பொருட்கள் இருந்த இடத்திலேயே நிற்கின்றன. முதலீடு என்ற பெயரில் இதில் இறங்குவது, என் பார்வையில், அந்த நாட்டுக்காரர்களுக்கே ரிஸ்க்தான்.

இந்தியாவில் சட்டம் என்ன சொல்லுது?

இந்தியாவில் துப்பாக்கி 'கலெக்டர்' ஆக வேண்டுமென்றால், முதலில் பார்க்க வேண்டியது மாவட்ட கலெக்டரைத்தான்! லைசென்ஸ் தரும் அதிகாரம் மாவட்டங்களில் அவரிடமும், மாநகரங்களில் போலீஸ் கமிஷனரிடமும் இருக்கிறது.

* 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு, இதற்கு 2 முதல் 5 ஆண்டுகள் வரை சிறை. "பரண்ல கிடந்துச்சு சார்" என்பது லைசென்ஸ் ஆகாது.

* அதே திருத்தம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. பரம்பரையாக வந்ததற்கும் இந்த வரம்பு பொருந்தும்.

* பழுது பார்த்தாலும் சுடவே முடியாத, வழக்கொழிந்த அல்லது பழம்பொருள் மதிப்புள்ள ஆயுதத்துக்கு 45-வது பிரிவில் விலக்கு உண்டு. ஆனால் 'சுடவே முடியாது' என்பதை நீங்களோ உங்கள் மாமாவோ முடிவு செய்ய முடியாது.

* 2020-ல் வந்த விதித் திருத்தம், 'க்யூரியோ' வகைத் துப்பாக்கிகளை வைத்திருக்க லைசென்ஸ் தேவையில்லை என்றது. ஆனால் அதைப் பயன்படுத்தவோ, வெளியே எடுத்துச் செல்லவோ லைசென்ஸ் வேண்டும். உங்களிடம் இருப்பது அந்த வகைதானா என்பதை அதிகாரிகளிடமே கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

* 100 வருடம் தாண்டிய பழம்பொருளைத் தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்ப, 1972-ம் ஆண்டு தொல்பொருள் சட்டம் தடை விதிக்கிறது. அதாவது, இங்கே கிடைத்ததை லண்டன் ஏலத்துக்கு அனுப்பும் கனவை இங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் கிடைத்தால் என்ன செய்யணும்?

முதலில், குழலை யாரை நோக்கியும் திருப்பாதீர்கள். 130 வருடப் பழைய வின்செஸ்டருக்குள்ளேயே தோட்டா இருந்தது என்பதை நினைவில் வையுங்கள். விசையை இழுத்துப் பார்ப்பது, குச்சியை உள்ளே விட்டுக் குத்துவது எல்லாம் வேண்டவே வேண்டாம். இரண்டாவது, பைக்கில் கட்டி எடுத்துக்கொண்டு போகாதீர்கள். உள்ளூர் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லி, அவர்கள் சொல்கிறபடி நடந்துகொள்ளுங்கள். மூன்றாவது, வீட்டிலுள்ள டிரங்குப் பெட்டிகளைத் தேடுங்கள். பழைய லைசென்ஸ் புத்தகம் இருந்தால், வாரிசு என்ற முறையில் மாற்றக் கேட்க வழி உண்டு. நான்காவது, இன்ஸ்டாவில் ரீல்ஸ் போடாதீர்கள். ப்ளீஸ்!

ஆர்வம் இருக்கு, ஆனா பரண் காலியா இருக்கா?

சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு ஒரு நாள் போய் வாருங்கள். அங்குள்ள ஆயுதக் கூடத்தில், தஞ்சாவூர் அரண்மனையிலிருந்தும் புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்தும் வந்த ஆயுதங்கள் இருக்கின்றன. கோட்டைக்குள்ளேயே தொல்லியல் துறையின் அருங்காட்சியகமும் உண்டு. தென் மாவட்டங்களில் பழைய ஆயுதங்கள் ஏன் குறைவு என்ற கேள்விக்கும் வரலாற்றில் ஒரு பதில் இருக்கிறது. பாளையக்காரர் போர் முடிந்ததும், 1801 டிசம்பரில் கம்பெனி அரசு கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் உத்தரவிட்டது. 1878 ஆயுதச் சட்டம், லைசென்ஸ் இல்லாமல் இந்தியர்கள் ஆயுதம் வைத்திருக்க முடியாதபடி செய்தது. இரண்டு தடவை சலித்தெடுத்த பிறகு மிஞ்சியவைதான் நம்ம ஊர்ப் பரண்களில் கிடப்பவை.

சேகரிக்கத்தான் வேண்டும் என்றால், பழைய துப்பாக்கிக் கம்பெனி விளம்பரங்கள், கேட்டலாக்குகள், தபால்தலைகள், வேட்டைக் காலத்துப் போட்டோக்கள் என்று ஆரம்பிக்கலாம். லைசென்ஸ் வேண்டாம், செலவும் குறைவு. வரலாறு மட்டும் அதே அளவுக்குக் கிடைக்கும்.

சரி, நண்பன் விஷயம் என்ன ஆச்சு? அவன் அப்பா மறுநாளே ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்லிவிட்டார். போலீஸ் வந்து எடுத்துப்போய், ரசீது கொடுத்திருக்கிறார்கள். டிரங்குப் பெட்டியைக் கிளறியதில் தாத்தா பெயரில் பழைய லைசென்ஸ் புத்தகம் கிடைத்தது. மனு கொடுத்திருக்கிறார்கள், முடிவு இன்னும் வரவில்லை. கோடியெல்லாம் கிடையாது என்பது அவனுக்கும் புரிந்துவிட்டது.

அந்த லைசென்ஸ் புத்தகத்துக்குள் ஒரு போட்டோ மடித்து வைக்கப்பட்டிருந்ததாம். இருபது வயதுத் தாத்தா, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, தோளில் அதே துப்பாக்கியோடு சோளக்காட்டில் நிற்கிறார். பன்றி விரட்டக் காவலுக்குப் போனபோது எடுத்தது என்று பாட்டி சொன்னாராம். தாத்தாவின் இளவயதுப் படம் என்று அந்த வீட்டில் இருப்பது அது ஒன்றுதான். இப்போது அதற்கு ஃப்ரேம் போட்டு, புது ஓடு வேய்ந்த கூடத்தில் மாட்டியிருக்கிறார்கள்.